எழுதிய கையை விட்டுவிட்டு ஏட்டைக் கிழிப்பதா?

சென்ற இதழில் வந்த அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வந்த கோபம் இரண்டாம் முறையும் தணியாததால் இதை எழுதுகிறேன். கட்டுரையாளர் இந்தத் துறையில் நெடுநாள் உழைத்தவர். அவர் சொன்னால் அப்படியே கேட்டு நடக்க இளம் பொறியாளர்கள் பலர் இருக்கிறார்கள். அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

அவருடைய வாதம் இது. கெர்னல் பூட் ஆகத் தொடங்கும் முதல் நொடிகளில் நினைவகத்தில் ஏதோ ஓரிடம் கெட்டுப்போகிறது. யார் கெடுத்தது என்று தேடுவது வீண்வேலை. அந்த நேரத்தில் எந்தக் கருவியும் உயிர்பெற்றிருக்காது. ஒரு வரி அச்சிட்டுப் பார்த்தாலே பிழை ஓடி ஒளிந்துகொள்ளும். பெரும்பாலும் ரேம் கோளாறாகத்தான் இருக்கும். ஆகவே எந்தப் பக்கம் கெடுகிறது என்று பார், 4096 பைட்தானே, யாரும் தொடாதபடி அதை ஒதுக்கி வை, அடுத்த வேலைக்குப் போ. லினக்ஸே இப்படித்தான் செய்கிறது என்று சாட்சிக்கும் ஆள் சேர்க்கிறார். தான் உருவாக்கிய ஒரு பலகையில் இப்படிப் பக்கத்தை ஒதுக்கி ஈராண்டு ஆகிறது, ஒரு புகாரும் இல்லை என்று முடிக்கிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்லும் அறிவுரை இது. இதை நான் ஒருமுறை ஏற்று நடந்திருக்கிறேன். அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலை இயந்திரங்களுக்கான ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. ஏஆர்எம் செயலி, அதன்மேல் லினக்ஸ். பூட்லோடர், பலகையைத் தந்த நிறுவனம் தன் வசதிக்கு மாற்றிக்கொண்ட யு-பூட்டின் ஒரு பழைய பிரதி. எங்கள் மேசைகளில் கெர்னலை நெட்வொர்க் வழியாக ஏற்றுவோம். சோதனை அறையில் இருந்தவர்கள் பென் டிரைவிலிருந்து ஏற்றினார்கள். எங்களிடம் ஒருநாளும் விழாத பலகை சோதனை அறையில் நாலு தடவைக்கு ஒரு தடவை விழுந்தது. சீரியல் கன்சோலில் தெரிந்த காட்சி எப்போதும் ஒரே மாதிரி: பாயிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன எண். ஒருநாள் 11 ஆயிரத்துச் சொச்சம், மறுநாள் 40 ஆயிரத்துச் சொச்சம். விழும் செயற்கூறு ஒவ்வொரு முறையும் வேறு, கெட்ட முகவரி மட்டும் ஒன்றே. வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது. அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிடலாம் என்று மேலே முடிவானது. டிவைஸ் ட்ரீயில் நாலு வரி. அதை எழுதியவன் நான். அன்று மாலையே க்ராஷ் நின்றது.

மூன்று மாதம் கழித்து அதே நிறுவனம் பூட்லோடரின் புதிய பதிப்பைத் தந்தது. க்ராஷ் திரும்பி வரவில்லை. வந்திருந்தால் பிழைத்திருப்போம். இம்முறை கெட்ட முகவரி, கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளக் கெர்னல் எடுத்துக்கொண்ட ஒரு பக்கத்தில் விழுந்தது. மோட்டார் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு அனுப்பும் ஃபர்ம்வேர் கோப்பில் 4 பைட் மாறிப்போய் ஃபிளாஷில் எழுதப்பட்டது. மறுமுனையில் செக்சம் சரிபார்ப்பு இருந்ததால் சில்லு அந்தக் கோப்பை ஏற்க மறுத்தது. அது இல்லாமல் போயிருந்தால் அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன்.

பழி எங்கே போனது தெரியுமா? ஃபிளாஷ் டிரைவர் மேல். அதை எழுதிய பெண் எங்கள் குழுவிலேயே இளையவர். தன் நிரலில் இல்லாத பிழையை அவர் மூன்று வாரம் தேடினார். ஃபிளாஷ் சில்லுகளை வேறு தொகுதியிலிருந்து மாற்றிப் பார்த்தோம். ஒதுக்கிய அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மூடிய வழக்கு அது. மூடியதால்தான் கண்ணில் படவில்லை.

கடைசியில் கண்டுபிடித்ததும் அவர்தான். கெட்டுப்போன கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாறியிருந்த 4 பைட்டில் பின்னிரண்டும் எப்போதும் பூச்சியம். அவை உட்கார்ந்திருந்த நினைவக முகவரியைப் பதினாறடிமானத்தில் எழுதினால் கடைசி இரண்டு இலக்கம் எப்போதும் 80. பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் பலகையில் அந்த முகவரியை ஒருமுறை படித்து, 10 நொடி விட்டு மறுபடி படித்தார். எண் ஏறத்தாழ 10,000 கூடியிருந்தது. மில்லிநொடிக்கு ஒன்று. இந்தப் பலகையில் மில்லிநொடிக்கு ஒன்று எண்ணுவது எது என்று அவர் கேட்டபோது அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று: யூஎஸ்பி.

ஓஎச்சிஐ வகை யூஎஸ்பி கட்டுப்படுத்தி, நினைவகத்தில் 256 பைட் கொண்ட ஒரு பகுதியைத் தன் தகவல் பலகையாக வைத்துக்கொள்ளும். அதன் தொடக்கத்திலிருந்து பதினாறடிமான 80 தள்ளி, ஒவ்வொரு மில்லிநொடியும் தன் ஃப்ரேம் எண்ணை 16 பிட்டில் எழுதும். அடுத்த 2 பைட்டில் பூச்சியம் வைக்கும். செயலியைக் கேட்காமல், டிஎம்ஏ வழியாக நேரே எழுதும். பூட்லோடர் பென் டிரைவிலிருந்து கெர்னலை ஏற்றியது, கட்டுப்படுத்தியை நிறுத்தாமலே கெர்னலுக்குத் தாவியது. எங்கள் கெர்னலில் யூஎஸ்பி டிரைவரே கிடையாது, தேவையில்லை என்று எடுத்திருந்தோம். எனவே அதை நிறுத்த ஆளில்லை. கரண்ட் இருக்கும்வரை அது எண்ணிக்கொண்டே இருந்தது. 65,536 வந்ததும் மறுபடி பூச்சியத்திலிருந்து.

இதில் என்னை மிகவும் வெட்கப்பட வைத்த செய்தி வேறு. யு-பூட் மூல நிரலில், கெர்னலுக்குத் தாவும் முன் யூஎஸ்பியை நிறுத்தும் அழைப்பு இருக்கிறது. ஓஎச்சிஐ மில்லிநொடிக்கு ஒருமுறை நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்கும், அது லினக்ஸ் பூட் ஆகும்போது நினைவகத்தைக் கெடுக்கலாம், ஆகவே நிறுத்துகிறோம் என்று அதற்கு மேலேயே விளக்கக் குறிப்பும் உண்டு. எங்களுக்கு வந்த மாற்றப்பட்ட பிரதியில் அந்த ஒரு அழைப்பு காணாமல் போயிருந்தது. முதல் நாளே எழுதியது யார் என்று கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

இப்போது கட்டுரையாளரின் காரணங்களுக்கு வருகிறேன்.

ஒரு வரி அச்சிட்டால் பிழை மறைகிறது, ஆகவே இது நேரம் சார்ந்த, பிடிபடாத பிழை என்கிறார். இது தவறான முடிவு. கெர்னலில் ஒரு வரி சேர்த்தால் அதன் அளவு மாறும். அளவு மாறினால் தரவு உட்காரும் இடம் தள்ளிப்போகும். எழுதுகிற சாதனம் அதே முகவரியில்தான் எழுதுகிறது. நேற்று அங்கே பாயிண்டர் இருந்தது, இன்று யாரும் பயன்படுத்தாத வெற்றிடம் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அதாவது, அச்சிட்டதும் பிழை மறைவது ஒரு துப்பு: அடி விழும் இடம் நிலையானது, அடிபடுவது மாறுகிறது. இத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர், கையில் வந்து விழுந்த துப்பைக் குப்பையில் போடச் சொல்லிக்கொடுக்கிறார்.

கருவிகள் இல்லை என்கிறார். பாதி உண்மை. கேசான் போன்ற பெரிய கருவிகளுக்கு நிழல் நினைவகம் தேவை. அது முழுதாக அமைக்கப்படும்வரை எல்லா அணுகலையும் சரி என்றே அவை விட்டுவிடும். ஆனால் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது இன்னொரு பாதி. பூட்டின் தொடக்கத்தில் ஓடுவது ஒரே ஒரு செயலி. மற்றவை இன்னும் எழுப்பப்படவில்லை. இன்டரப்ட் மூடியிருக்கிறது. ஸ்டார்ட்_கெர்னல் என்ற ஒரே செயற்கூறு ஒன்றன்பின் ஒன்றாக வேலைகளைக் கூப்பிடுகிறது, ஒவ்வொரு முறையும் அதே வரிசையில். கெர்னலின் ஆயுளில் இவ்வளவு ஒழுங்கான நேரம் பிறகு வருவதே இல்லை. காலியாக உள்ள நினைவகத்தை ஒரு தெரிந்த வடிவத்தால் நிரப்பு. ஒவ்வொரு படிக்கும் நடுவே அது மாறியிருக்கிறதா என்று பார். எந்த இரு படிகளுக்கு நடுவே மாறியது என்று தெரிந்ததும் அந்த இடைவெளியைப் பாதியாக்கு. இதற்குப் பெரிய கருவி எதற்கு? 30 வரி சி நிரலும் பொறுமையும் போதும்.

இன்டெல் வகைச் செயலிகளில் 4 முகவரிகளை வன்பொருளே கண்காணிக்கும் வசதி இருக்கிறது. அந்த முகவரியில் செயலி எழுதினால் அந்தக் கட்டளை முடிந்த உடனேயே நிற்கும். இதைப் போட்டுப் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை என்பதால் கருவி உதவாது என்று தன் அனுபவத்தையே ஆதாரம் காட்டுகிறார் கட்டுரையாளர். கட்டுரை முழுவதிலும் என்னைத் திகைக்க வைத்த வரி அதுதான். வாசலில் காவல் வைத்திருக்கிறார். வாசல் வழியே யாரும் வரவில்லை. உள்ளே பொருள் போயிருக்கிறது. அப்படியானால் திருடன் வேறு வழியாக வந்தான் என்றுதானே அர்த்தம்? அந்தக் கண்காணிப்பு செயலியின் எழுத்தை மட்டுமே பார்க்கும். டிஎம்ஏ எழுத்து அதன் கண்ணில் படாது. காவல் மௌனமாக இருந்தும் பைட் மாறியிருந்தால், நிரலில் உள்ள சந்தேகங்கள் எல்லாம் ஒரே அடியில் விலகி, சாதனங்களின் பட்டியல் மட்டும் மிஞ்சுகிறது. விடைக்கு ஓரடி தூரத்தில் நின்று, விடை கிடையாது என்று அறிவித்திருக்கிறார்.

ரேம் கோளாறு என்பதை நீண்டு பேச வேண்டியதில்லை. ரேம் கெட்டால் பெரும்பாலும் ஒரு பிட் ஒட்டிக்கொள்ளும் அல்லது புரளும். ரேமை மாற்றினால் பிழையும் போய்விடும். ஒழுங்கான எல்லையில், ஒழுங்கான அளவில், முழு எண்ணாக எழுதப்பட்டிருந்தால் அது ஒரு சாதனமோ நிரலோ வேண்டுமென்றே எழுதியது. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். லினக்ஸில் மெம்டெஸ்ட் என்ற பூட் விருப்பம் காலி நினைவகத்தில் வடிவங்களை எழுதிப் படித்துப் பார்த்து, பொருந்தாத இடங்களைத் தானே ஒதுக்கிவிடும். உயிரோடு இருக்கும் டிஎம்ஏ அந்த நேரத்தில் அங்கே எழுதினால், அதையும் கெட்ட ரேம் என்றே கணக்கில் வைக்கும். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ரேம்தான் குற்றவாளி என்பது வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதை.

அவருடைய பெரிய சாட்சி லினக்ஸ். லினக்ஸ் முதல் 1 எம்பி நினைவகத்தை ஒதுக்குகிறதே, அவர்களுக்குத் தெரியாதா என்கிறார். தெரியும். எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது அவருக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. 2008-ல், கணினியைத் தூங்க வைத்து எழுப்பும்போதும் திரைக் கேபிளைச் செருகும்போதும் தாழ்ந்த முகவரிகளில் நினைவகம் கெடுவதாகச் செய்திகள் வந்தன. கெர்னல்காரர்கள் செய்த முதல் வேலை, தாழ்ந்த நினைவகத்தின் ஒரு பகுதியைப் பூச்சியத்தால் நிரப்பி, 60 நொடிக்கு ஒருமுறை அதை வருடிப் பார்த்து, பூச்சியம் அல்லாத எதையாவது கண்டால் முகவரியோடு கூவிச் சொல்லும் காவலை கெர்னலிலேயே வைத்தது. ஒதுக்கவும் செய்தார்கள், ஒதுக்கிய இடத்தைக் கண்காணிக்கவும் செய்தார்கள். குறிப்பிட்ட பயாஸ் தயாரிப்பாளர்களின் பெயர் தெளிந்ததும் அந்தக் கணினிகளில் மட்டும் முதல் 64 கேபியை ஒதுக்கினார்கள். 2010-ல் எல்லா பயாஸுக்கும் அதை விரித்தார்கள். 2021-ல்தான் முதல் 1 எம்பியை முழுதும் விட்டுக்கொடுத்தார்கள். எழுதுவது பயாஸ், கெர்னலின் கைக்கு எட்டாதது, நிறுத்தவும் முடியாது, திருத்தவும் முடியாது. எழுதுகிறவன் யார், எந்த எல்லைக்குள் எழுதுகிறான் என்ற கேள்விகளை 13 ஆண்டு பின்தொடர்ந்து அடைந்த முடிவு அது. கட்டுரையாளர் அந்தக் கடைசி ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டிருக்கிறார்.

எழுதுகிறவனை நிறுத்த முடிந்த இடத்தில் அதே லினக்ஸ் என்ன செய்தது என்று பார்ப்போம். 2011, 2012-ல் வந்த ஆப்பிள் மேக் கணினிகளில் பிராட்காம் 4331 என்ற வைஃபை அட்டை. இணையத்திலிருந்து இயங்குதளத்தை இறக்கிக்கொள்வதற்காக ஆப்பிளின் ஈஎஃப்ஐ ஃபர்ம்வேரில் ஒரு முழு நெட்வொர்க் அடுக்கு உண்டு. தேவையோ இல்லையோ, ஒவ்வொரு பூட்டிலும் அது அந்த அட்டையை எழுப்பிவிடும். பொறுப்பைக் கெர்னலிடம் ஒப்படைத்த பிறகும் நிறுத்தாது. காற்றில் வரும் பாக்கெட்டுகளை அட்டை வாங்கி, இப்போது கெர்னலுக்குச் சொந்தமாகிவிட்ட நினைவகத்தில் டிஎம்ஏ வழியாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. வைஃபை டிரைவர் ஏறும்வரை. டிரைவர் நிறுவப்படாவிட்டால் கணினியை அணைக்கும்வரை.

இதன் பொருளைக் கட்டுரையாளர் நிதானமாக யோசிக்க வேண்டும். அங்கே நினைவகத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது யார்? அலைவீச்சுக்குள் உட்கார்ந்து பாக்கெட் அனுப்பும் யாரும். ஒரு கேபிளும் இல்லாமல், கடவுச்சொல்லும் இல்லாமல், பூட் ஆகிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள் தான் விரும்பிய பைட்டுகளை ஒருவர் வைக்க வழி திறந்திருந்தது. அட்டை இன்டரப்டையும் விடாமல் எழுப்பிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்தை ஒதுக்கினாலும் அது நிற்காது. 2016-ல் கெர்னலில் சேர்க்கப்பட்ட தீர்வு எளிது: பூட்டின் மிகத் தொடக்கத்திலேயே இந்த அட்டை இருக்கிறதா என்று பார், இருந்தால் அதன் ரீசெட் பிட்டை எழுதி அடக்கு. கெட்ட பக்கங்களைக் கணக்கெடுத்து ஒதுக்கும் வழியில் போயிருந்தால் அந்தக் கதவு இன்னமும் திறந்தே கிடந்திருக்கும். ஒதுக்கியவர் மட்டும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

தன் கட்டுரையில் போகிறபோக்கில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: எந்த டிரைவரின் தரவு கெடுகிறதோ அந்த டிரைவர்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று. எங்கள் குழுவின் அந்த இளம் பொறியாளர் நினைவுக்கு வந்தார். 2008-ல் இன்டெல்காரர்களுக்கும் இதுவே நடந்தது. லினக்ஸ் 2.6.27 வெளிவருவதற்கு முந்தைய சோதனைப் பதிப்புகளில், இ1000இ டிரைவர் ஓட்டும் நெட்வொர்க் அட்டைகளின் நிலைநினைவகம் அழிந்து அட்டைகள் செத்துப்போயின. பெயர் கெட்டது டிரைவருக்கு. முதலுதவியாக நிலைநினைவகத்தில் யாரும் எழுதாதபடி பூட்டினார்கள். கட்டுரையாளர் அந்த அறையில் இருந்திருந்தால் அத்தோடு கூட்டத்தைக் கலைத்திருப்பார். அவர்கள் கலைக்கவில்லை. உண்மையான காரணம் நெட்வொர்க்குக்குத் தொடர்பே இல்லாத இடத்தில் கிடைத்தது: எஃப்ட்ரேஸ். ஓடும் நிரலைத் தானே திருத்தி எழுதும் பகுதி அது. திருத்த வேண்டிய முகவரிகளைக் குறித்து வைத்திருந்தது. அவற்றில் சில, ஓடி முடிந்ததும் விடுவிக்கப்படும் தொடக்க நிரலைச் சேர்ந்தவை. விடுவித்த முகவரியில் பிறகு அட்டையின் நிலைநினைவகம் வந்து அமர்ந்தது. எஃப்ட்ரேஸ் பழைய குறிப்பை நம்பி அங்கே போய் ஒப்பிட்டு மாற்றும் கட்டளையை ஓட்டியது. ஒப்பீடு பொருந்தாவிட்டாலும் அந்தக் கட்டளை ஒரு எழுத்தை வெளியே தள்ளும். அதை உருவாக்கிய ஸ்டீவன் ரோஸ்டெட் அந்த முறையையே மாற்றி அமைத்தார். பூட்டியதோடு நின்றிருந்தால் எஃப்ட்ரேஸ் அடுத்து வேறு எந்தச் சாதனத்தின் மேல் போய் எழுதியிருக்குமோ.

வாடிக்கையாளர் காத்திருக்கிறார், தேதி நெருங்குகிறது என்ற நெருக்கடி எனக்கும் தெரியும். பக்கத்தை ஒதுக்கிவிட்டு பலகையை அனுப்புவதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. வழக்கைத் திறந்தே வைத்து, முதலுதவி என்று எழுதி வைத்து அனுப்பலாம். அதையே தீர்வு என்று பெயர் சூட்டி, தேடுகிறவர்களை வேலை தெரியாதவர்கள் என்று இகழ்ந்து, அடுத்த தலைமுறைக்குப் பாடமாக எழுதுவதுதான் பொறுக்க முடியாதது. ஈராண்டு புகார் இல்லை என்பது ஆதாரமே ஆகாது. எங்களுக்கும் மூன்று மாதம் புகார் இல்லை.

கட்டுரையில் அவர் தரும் முகவரியைப் பார்த்தேன். அதில் என்ன மதிப்பு எழுதப்பட்டிருந்தது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஒருமுறையாவது அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. அந்தப் பலகை இன்னும் அவர் அறையில் இருக்கும் என்று நம்புகிறேன். ஐயா, நீங்கள் ஒதுக்கிய அந்தப் பக்கத்தைக் கெர்னலில் வேறு யாரும் தொடப்போவதில்லை. இதைவிடச் சுத்தமான பொறி உங்களுக்குக் கிடைக்காது. பூட்டின் தொடக்கத்தில் அதன் 4096 பைட்டையும் ஒரே வடிவத்தால் நிரப்புங்கள். ஒரு நிமிடம் கழித்து முழுதும் படித்து அச்சிடுங்கள். இன்னொரு நிமிடம் கழித்து மறுபடியும். எந்த பைட் மாறியது, எவ்வளவு மாறியது என்று அடுத்த இதழில் வெளியிடுங்கள். ஒரு பைட்டாவது மாறியிருந்தால், நீங்கள் விற்ற ஒவ்வொரு பலகையிலும் அந்தச் சாதனம் இந்த நிமிடம்கூட எழுதிக்கொண்டிருக்கிறது.